கடைசிக் கதவுக்குப் பின்னால்

அன்புள்ள தம்பிக்கு,

சிம்ஸ் 4 விளையாட்டில் ஒரு கற்பனை ராஜ வம்சத்தை உருவாக்கி, அதற்கு ஓர் அரண்மனை கட்டப் போகிறேன், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். பெரும்பாலானோர் முகப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆட்டம் தரும் மிகப் பெரிய மனை பக்கத்துக்கு 64 கட்டம். அதை எடுத்துக்கொண்டு, நடுவில் அகலமான படிக்கட்டு, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரித் தூண்வரிசை, மேலே கோபுரம் என்று எழுப்பிவிடுவார்கள். தெருவிலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும். உள்ளே நுழைந்ததும் கை நின்றுவிடும். இந்தக் கூடத்தை அடுத்து ஏன் அந்தக் கூடம் வருகிறது, இந்த அறையில் யாருக்கு என்ன வேலை என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்காது. விலை உயர்ந்த சோபாக்களைப் போட்டு இடத்தை நிரப்புவார்கள். அரண்மனையாகத் தொடங்கியது கல்யாண மண்டபமாக முடியும். நான் சொல்லும் வழி இதற்கு நேர் எதிரானது. அரண்மனையை உள்ளிருந்து வெளியே கட்டு. எல்லாக் கதவுகளையும் தாண்டி, ஆக உள்ளே இருக்கும் கதவு எது, அதற்குப் பின்னால் உன் வம்சம் எதை வைத்துக் காக்கிறது என்பதை முதலில் முடிவு செய். மற்ற கூடம், முற்றம், தூண் எல்லாம் அந்தக் கதவை நோக்கிப் போகும் வழியாக அமைய வேண்டும்.

உலகத்தில் உள்ள பழைய அரண்மனைகளின் தரைப்படங்களைப் பார்த்தால் இது விளங்கும். இஸ்தான்புல்லில் இரண்டாம் மெஹ்மத் 15ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய தோப்கபி அரண்மனையை எடுத்துக்கொள். வெளியிலிருந்து பார்த்தால் அதற்கு மிரட்டும் முகப்பு என்று எதுவும் கிடையாது. ஒன்றன் பின் ஒன்றாக நான்கு முற்றங்கள், அவற்றின் ஓரங்களில் தாழ்ந்த கட்டடங்கள், அவ்வளவுதான். முதல் முற்றத்துக்குள் பொதுமக்கள் வரலாம். இரண்டாம் வாசலில் எல்லோரும் குதிரையை விட்டு இறங்கியாக வேண்டும். சுல்தான் ஒருவர்தான் குதிரைமேல் அமர்ந்தபடி உள்ளே போகலாம். மூன்றாம் வாசலைத் தாண்ட அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் பெற்று ஒரு வெளிநாட்டுத் தூதர் உள்ளே காலடி வைத்தார் என்றால், அவர் கண்முன் நிற்பது வாசலை ஒட்டியே கட்டப்பட்ட ஒரு சிறிய பேட்டி மண்டபம். சுல்தானைப் பார்த்துப் பேசலாம். ஆனால் அந்த மண்டபம் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்பதால், மூன்றாம் முற்றம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு கட்டடத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி, ‘இதுவரை நீ வரலாம், இதற்கு மேல் இல்லை’ என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டார்கள். ஆயிரம் தூண்கள் தராத கம்பீரம் இது. பெய்ஜிங்கில் 1420இல் கட்டி முடித்த அரண்மனை வளாகமும் இப்படித்தான் முன்பகுதி சடங்குக்கு, பின்பகுதி குடும்பத்துக்கு என்று ஒரு வாசலால் பிரிந்து கிடக்கிறது.

வழி எல்லா இடத்திலும் இருக்கிறது. முடியும் இடம்தான் மாறுகிறது. உன் வம்சத்தின் குணம் வெளிப்படப் போவதும் அந்த இடத்தில்தான். பிரான்சின் வெர்சாய் மாளிகையில் அது ராஜாவின் படுக்கை. 14ஆம் லூயி 1701இல் தன் படுக்கையறையை மாளிகையின் நட்டநடுவே, சூரியன் உதிக்கும் கிழக்கைப் பார்த்து அமைத்துக்கொண்டார். அவர் காலையில் கண்விழித்து எழுவதே ஒரு சடங்கு. யார் எந்த நேரத்தில் உள்ளே வரலாம் என்பதற்கு வரிசை உண்டு. அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கும் கட்டிலின் முன்னால் தங்க முலாம் பூசிய ஒரு கைப்பிடி வேலி குறுக்கே நிற்கும். அறைக்குள்ளேயே இன்னொரு எல்லை! கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை வேறு கதை சொல்கிறது. அங்கே ராஜா மார்த்தாண்ட வர்மா 1750இல் எழுப்பிய நான்கு அடுக்கு உப்பரிகை மாளிகை இருக்கிறது. கீழே கருவூலம், அதற்கு மேலே ராஜாவின் படுக்கையறை. உச்சியில் இருக்கும் அறை ராஜாவுக்கு உரியதில்லை. சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய அந்த அறையில் பத்மநாப சுவாமிக்குத்தான் கட்டில். அதே 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபருக்கு அர்ப்பணித்துவிட்டு, அவருடைய தாசனாக இருந்து ஆள்வதாக அறிவித்தார். அரசியல் சாசனம் போன்ற அந்த முடிவை ஒரு கட்டடத்தின் மாடிக்கணக்கே சொல்லிவிடுகிறது: ராஜாவுக்கு மேலே இன்னொருவர் இருக்கிறார். இரண்டு மாளிகையிலும் கடைசி அறையில் இருப்பது கட்டில்தான். ஒன்றில் படுப்பவர் ராஜா, மற்றதில் தெய்வம். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து இரண்டு அரச குடும்பங்களின் மனசும் பிடிபடுகிறது.

ஆகவே உன் வம்சத்துக்கு ஒரு வரலாறு எழுது; நீளமாக வேண்டாம், அரைப் பக்கம் போதும். உதாரணத்துக்கு, கடலோரத்தில் உப்பு விளைவித்து விற்ற ஒரு பெண்ணிடமிருந்து உன் வம்சம் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சக் காலத்தில் அவள் அளவு குறைக்காமல் உப்பு அளந்தாள், ஊர் அவளைத் தலைவியாக ஏற்றது, அவள் பேரன் முடிசூடினான். அப்படியானால் அந்த அரண்மனையின் கடைசிக் கதவுக்குப் பின்னால் சிம்மாசனம் இருக்க நியாயமில்லை. அங்கே அவளுடைய பழைய உப்புக் கிடங்கும், அவள் அளந்த மரக்காலும் இருக்க வேண்டும். பட்டத்துக்கு வருகிறவர் முடிசூடும் நாளில் தனியாக உள்ளே போய் அதைத் தொட்டுவிட்டு வரட்டும். ஆட்டத்தில் மரக்கால் கிடைக்காது. ஒரு மண்பானையோ மரப்பெட்டியோ போதும். இப்படி வைத்த உடனே மற்றதெல்லாம் தானாகத் தீர்மானமாகும். அரண்மனை கடலைப் பார்த்துத் திரும்பும். வெள்ளைச் சுவர் ஏன் என்பதற்குக் காரணம் கிடைக்கும். கொலுமண்டபம் அந்த அறைக்கு முன்னால் வரும், பின்னால் வராது. சண்டையில் நாட்டைப் பிடித்த வம்சத்துக்கு இதே மனையில் முற்றிலும் வேறு தரைப்படம் வரும். அவர்களுக்குக் கடைசிக் கதவுக்குப் பின்னால் படுக்கையறையும், அதற்கு வெளியே காவலறையும் வரும். பயப்படுகிற குடும்பம் அப்படித்தான் கட்டும்.

இது விளையாட்டுத்தானே, ஆட்டத்து மனிதர்களான சிம்கள் தோப்கபியின் வரிசையையெல்லாம் பார்ப்பார்களா என்று நீ கேட்கலாம். இந்த விளையாட்டு பிறந்த கதையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1991இல் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய தீயில், இந்த விளையாட்டை முதலில் உருவாக்கிய வில் ரைட்டின் வீடு எரிந்துபோனது. எல்லாவற்றையும் மறுபடி வாங்கி அடுக்கிய அந்த அனுபவம் முதல் சிம்ஸுக்கு ஒரு வித்து. வீடு கட்டும் விளையாட்டாகவே அவர் அதை முதலில் யோசித்தார். கட்டிய வீடு நன்றாக இருக்கிறதா என்று வாழ்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லத்தான் அதற்குள் சிறிய மனிதர்களைக் கொண்டுவந்தார். அவரைத் தூண்டிய புத்தகங்களில் ஒன்று, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1977இல் வெளியிட்ட ‘எ பேட்டர்ன் லாங்வேஜ்’. நல்ல இடங்களை உருவாக்கும் 253 அமைப்புகளை அது விவரிக்கிறது. அதில் 127ஆவது என்ன தெரியுமா? ஒரு கட்டடத்தின் அறைகள் வாசலில் தொடங்கி, அந்நியருக்கு உரியவை, விருந்தினருக்கு உரியவை, குடும்பத்துக்கு மட்டும் உரியவை என்று படிப்படியாக நெருக்கம் கூடிக்கொண்டே போக வேண்டும் என்பது. நம் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம், பூஜையறை என்று இருந்த வரிசையும் இதுதான். அரண்மனை இந்த வரிசையை நீட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு வாசலை நிறுத்துகிறது. சிம்கள் அதை உணரும்படி செய்ய ஆட்டத்திலேயே வழி இருக்கிறது. கதவைப் பூட்டி, குடும்பத்தாரை மட்டும், அல்லது நீ தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் உள்ளே விடலாம். உப்பறைக் கதவைப் பட்டத்து இளவரசிக்கு மட்டும் திறக்கும்படி வைத்துவிட்டால், அவள் தம்பி அந்தக் கதவு வரை வந்து திரும்பிப் போவதை நீ கண்ணால் பார்க்கலாம். அங்கே உனக்கு ஒரு தலைமுறைக் கதை தொடங்கிவிடும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆட்டத்தில் ஒரு நிமிடம் நமக்கு ஒரு நொடி. பசி, தூக்கம், கழிப்பறை என்று சிம்களின் தேவைகள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏழு வாசல் வைத்து வீட்டை நீட்டினால், ராணி சாப்பாட்டு மேஜைக்கு நடந்து போவதற்குள் பாதிக் காலை போய்விடும். இது முழு உண்மை. பல அழகான அரண்மனைகள் விளையாட முடியாமல் கைவிடப்படுவதும் இதனால்தான். ஆனால் அந்த நீண்ட வழி வருகிறவர்களுக்கு உரியது. வாழ்கிறவர்களுக்கு அரண்மனைகள் வேறு வழி வைத்திருந்தன. வெர்சாயில் ராணியின் படுக்கையறைச் சுவரில், இருப்பதே தெரியாதபடி ஒரு சின்னக் கதவு இருக்கிறது. 1789 அக்டோபர் 6ஆம் தேதி காலையில் புரட்சிக் கூட்டம் மாளிகைக்குள் புகுந்தபோது, ராணி மரீ அன்துவானெத் அந்த வழியாகத்தான் தப்பி ராஜாவின் அறைகளுக்குப் போனார். நீயும் இரண்டு வழி போடு. விருந்தாளிக்கு முற்றம் முற்றமாகப் போகும் நேர்வழி. குடும்பத்துக்குப் படுக்கை, குளியலறை, சமையலறை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி பின்னால் ஒரு குறுக்குவழி, ஒரு பக்கப் படிக்கட்டு. ஒரு குடும்பத்தில் எட்டு சிம்களுக்கு மேல் இருக்க முடியாது என்பதையும் மறக்காதே. எட்டுப் பேருக்கு நாற்பது படுக்கையறை எதற்கு? சமையலறையை ஒளித்துவைக்காதே. தோப்கபியின் சமையற்கட்டுகள் இரண்டாம் முற்றத்தின் ஒரு பக்கம் முழுக்க நீண்டு கிடக்கின்றன, புகைபோக்கிகள் வரிசையாகக் கடலிலிருந்தே தெரியும். ராஜாக்களின் மாளிகையைக் கொண்டாடுவதில் என்ன இருக்கிறது, அது ஏழைகளின் உழைப்பில் எழுந்ததல்லவா என்று கேட்பவர்கள் நியாயமான கேள்வியையே கேட்கிறார்கள். அந்த உழைப்பு நடந்த இடத்தையும், வேலையாட்கள் ஏறி இறங்கிய படியையும் தரைப்படத்தில் அழிக்காமல் காட்டுவதுதான் கட்டுகிறவன் தரக்கூடிய நேர்மையான பதில்.

படம் எடுத்துப் பகிர்வதற்கு முகப்புதானே வேண்டும் என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்தவர்கள், அந்தப் பிரம்மாண்டமான தூண்கள் சூழ்ந்த முற்றமே அரண்மனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1636இல் கட்டிய அந்த மாளிகையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதி. சொர்க்க விலாசம் என்ற பகுதி நிற்கிறது. ரங்க விலாசம் என்ற பகுதி போய்விட்டது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மாளிகையைப் பிரித்து அங்கே கொண்டுபோனதாகச் சொல்வார்கள். எஞ்சியதைத்தான் 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்தார். குடும்பம் வாழ்ந்த பகுதி அழிந்து, ஊர் கூடிய பகுதி மட்டும் நிற்கும் மாளிகை அது. அதன் படத்தைப் பார்த்துத் தூணும் வளைவும் கட்டுகிறவர், வாழ்ந்த பாதியை விட்டுவிட்டுத் தொடங்குகிறார். வெறும் முற்றத்தின் முன்னால் திரும்பத் திரும்பச் சடங்குதான் நடத்த முடியும். ஒரு குழந்தை வளர முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘மதர்லோட்’ என்று தட்டினால் 50,000 சிமோலியன் வந்து விழும். பத்துத் தடவை தட்டி ஒரே இரவில் மாளிகையை முடித்துவிடலாம். முடிந்தால் அதைத் தவிர்த்துவிடு. ஒரே ஒரு சிம்மோடு, ஆட்டம் கொடுக்கும் 20,000 சிமோலியனில் உப்பு விற்ற அந்த மூதாட்டியின் வீட்டைக் கட்டி, தலைமுறைக்கு ஒரு முற்றம் சேர்த்துக்கொண்டே போ. வெர்சாய் அப்படி வளர்ந்ததுதான். 13ஆம் லூயி 1623இல் வேட்டைக்காக ஒரு சின்ன வீடு கட்டினார், பிறகு அதைத் திருத்திப் பெருக்கினார். அவர் மகன் அதை இடிக்கவில்லை. லூயி லெ வோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு, தோட்டத்துப் பக்கத்தில் வெள்ளைக் கல் மாளிகையால் அதைச் சுற்றிப் போர்த்தினார். இன்றும் முன்பக்கத்து சலவைக்கல் முற்றத்தில் நின்றால் செங்கல்லும் கல்லும் கலந்த அப்பாவின் வீடு தெரியும். மறுபக்கம் போனால் மகனின் வெள்ளை மாளிகை. பத்மநாபபுரத்திலும் வளாகத்தின் மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரம் பிற்காலக் கட்டடங்களுக்கு நடுவே அப்படியே இருக்கிறது. கூடுதல் பேக்குகள் உன்னிடம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை ஆட்டம் இலவசம். இந்த வரிசைக்கு வேண்டியது சுவரும் கதவும் பூட்டும்தான்.

வெறும் மனையைத் திறந்ததும் கடைசி ஓரத்துக்குப் போய், ஆறுக்கு ஐந்து கட்டத்தில் ஓர் அறை போடு. ஆட்டத்தில் சுவருக்கு மூன்று உயரம் உண்டு. இதற்கு ஆகக் குறைந்ததை எடு. கொலுமண்டபத்துக்கு ஆக உயர்ந்ததை வைத்துக்கொள்ளலாம். அந்த உயரத்திலிருந்து வருகிற பட்டத்து இளவரசிக்கு இந்தத் தாழ்ந்த கூரை ஒரு கிழவியின் வீடாகவே படும். தளத்துக்கு மெருகு வேண்டாம், பழைய மரப்பலகை போதும். கடலைப் பார்த்து ஒரே ஒரு சின்ன ஜன்னல், நடுவில் அந்தப் பானை, பக்கத்தில் ஒரு விளக்கு. கதவை மாட்டிப் பூட்டிவிட்டு, அதன் முன்னால் இரண்டு கட்டம் வெறுமையாக விடு. அங்கிருந்து வாசலை நோக்கிக் கட்டத் தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்