ஓர் இசைத்தட்டைச் சுவைக்கும் முறை

இசை காதில் விழுவது வேறு. இசையைச் செவிமடுத்துச் சுவைப்பது வேறு. நாமோ இரண்டு நிமிடம் கேட்டதுமே “நன்று” என்றோ “இரைச்சல்” என்றோ தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அதிலும் ‘ராக்’ இசை என்றால் கேட்குமுன்பே தீர்ப்புத் தயாராகிவிடும். தோழியரே, இம்முறை தீர்ப்பைச் சற்றே ஒத்திவைத்து, ஓர் இசைத்தட்டை முழுவதும் கேட்டுப் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்வது ‘ஆட்டம் ஹார்ட் மதர்’. இங்கிலாந்தின் ‘பிங்க் ஃபிளாய்ட்’ குழுவினர் 1970 அக்டோபரில் வெளியிட்டது. உறையின் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. புல்வெளியில் நின்று திரும்பிப் பார்க்கும் ஒரு பசு மட்டுமே உண்டு! தலைப்பைத் தந்ததோ ஒரு செய்தித்தாள். அணுசக்தியால் இயங்கும் இதயக் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி அதில் வந்திருந்தது.

1960-களின் இறுதியில் ராக் குழுவினர் சிலர், மூன்று நிமிடப் பாட்டோடு நிற்க விரும்பாமல் நெடிய படைப்புகளை முயன்றனர். இத்தட்டின் முதற்பக்கம் முழுவதும் ஒரே படைப்புதான். அது ஏறத்தாழ 24 நிமிடம் நீள்வது. ஆறு பகுதிகள் உடையது. ஊதுகருவிகளுக்கும் பாடகர் குழுவுக்கும் இசைக்குறிப்பு எழுதித் தந்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ரான் கீசின். பாடியவர்கள் ஜான் ஆல்டிஸ் பாடகர் குழுவினர்.

இதை மூன்று முறை கேட்பது நலம். முதல் முறை, டிரம்பெட், டிராம்போன் முதலியன தொடக்கத்தில் முழங்கும் மைய இசையை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்வோம். பயணத்தில் அதுவே நமக்கு வழிகாட்டி. இடையே குதிரை கனைக்கும், மோட்டார் சைக்கிள் சீறும், திகைக்க வேண்டாம். இரண்டாம் முறை, தனித்து ஒலிக்கும் செல்லோவையும், அதன்பின் மெல்ல எழுந்து உச்சத்தை எட்டும் பாடகர் குழுவையும் கவனிப்போம். அவர்கள் பாடுவதில் பொருள் தரும் சொற்களே இல்லை, வெறும் ஒலிகள்தாம். ஆயினும் அது மன்றாட்டுப் போலவே நெஞ்சைத் தொடுகிறது. மூன்றாம் முறை, குழப்பமான ஒலிக்கூட்டம் ஒன்றுக்குப் பின், பழைய இசைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்து ஒன்றுசேர்வதைக் கேட்போம். வழி தவறியவர் வீடு திரும்பிய மகிழ்ச்சி அங்கே நமக்குக் கிட்டும்.

மறுபக்கத்தில் மூன்று தனிப் பாடல்களும், காலைச் சிற்றுண்டி சமைக்கும் ஓசைகளோடு இசையைப் பின்னிய ஒரு வேடிக்கைப் படைப்பும் உள்ளன. அடுப்பில் பொரியும் ஓசையும் சொட்டும் குழாயும்கூட இசையோடு இசைந்து நிற்கின்றன.

குறை இல்லையா? உண்டு. முதற்பக்கத்துக்கு அடித்தளமான டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும், நாடாவை வெட்டி ஒட்ட அனுமதி இல்லாததால், நிக் மேசனும் ரோஜர் வாட்டர்ஸும் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தனர். அதனால் காலப்பிரமாணம் சீராக நிற்கவில்லை. அதன்மேல் வாசித்தோரும் பாடினோரும் அந்தத் தள்ளாட்டத்தையே பின்பற்ற வேண்டியதாயிற்று. ஊதுகருவிக் கலைஞரை நடத்திச் செல்லக் கீசின் இடர்ப்பட்டபோது, ஜான் ஆல்டிஸே முன்வந்து நடத்திக் கொடுத்தார். தட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயினும் குழுவினரே பிற்காலத்தில் அதைக் குறைத்துப் பேசினர்.

படைத்தவரே கைவிட்ட ஒன்றை நாம் ஏன் கேட்க வேண்டும்? துணிந்து முயன்றதில் குறையும் இருக்கும், அழகும் இருக்கும். குறையைக் கண்டவுடன் செவியை மூடிக்கொண்டால் அழகையும் சேர்த்தே இழப்போம். மனிதரிடத்திலும் இப்படித்தான் அன்றோ?

மற்றொரு பாடமும் உண்டு. திருப்பலியில் பாடும் நம் குழுவில் முதல் அடியை எடுப்பவள் தாளம் தவறினால், பின்வரும் குரல்கள் எத்தனை இனிமையானாலும் தள்ளாடும். பாறைமேல் கட்டிய வீட்டின் உவமை இசைக்கும் பொருந்தும். ஆகவே அடித்தளத்தைப் பொறுமையோடு இடுவோம். பிறர் இட்டதைப் பொறுமையோடு கேட்போம்.