முட்டிக்கு மேலே பாருங்கள்

ஆம்பூரில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் கூட்டம். ஷூ கம்பெனியில் தைக்கிற பெண்கள்தான் அதிகம். எல்லோரும் முட்டிச் சில்லைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். நான் முதலில் தொட்டுப் பார்ப்பது தொடையை.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் காலை நீட்ட ஒரு கூட்டம், மடக்க இன்னொரு கூட்டம். முன்தொடையில் உள்ள குவாட்ரிசெப்ஸ் என்ற நான்கு தசைகள் முட்டிச் சில்லு வழியாகக் கீழ்க்கால் எலும்பை இழுத்துக் காலை நீட்டுகின்றன. மடக்குவது பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங். கெண்டைக்கால் தசையும் முட்டிக்கு மேலிருந்தே தொடங்குவதால் அதற்குக் கைகொடுக்கும்.

மிஷினில் பெடல் மிதிப்பது பெரும்பாலும் கணுக்கால்தான். தொடைக்கு அங்கே வேலை குறைவு. வருஷக்கணக்கில் வேலையில்லாத தசை மெலியத்தான் செய்யும்.

ஒரு அக்காவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னேன். இரண்டு கையையும் தொடையில் ஊன்றி எழுந்தார். உட்காரும்போது கடைசி ஒரு சாண் பொத்தென்று விழுந்தார்.

"ஏறும்போது வலிக்குதாக்கா, இறங்கும்போதா?"

"இறங்கறப்போதாம்மா உயிர் போகுது."

படி இறங்கும்போதும் உட்காரும்போதும் குவாட்ரிசெப்ஸ் நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதனால் நான் பயிற்சியை உட்காருவதில்தான் தொடங்குவேன்: கை ஊன்றாமல், மனசுக்குள் ஐந்து எண்ணி, மெதுவாக. உயரமான நாற்காலியில் ஆரம்பியுங்கள். படுத்துக்கொண்டு முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவதும் நல்லது. சில்லுக்கு மேலே உட்புறமாகத் தசை திரள்வதை விரலால் தொட்டுப் பாருங்கள். அது திரண்டால் பயிற்சி சரியாக நடக்கிறது.

"இந்த வயசுல தசை எங்கம்மா திரும்பி வரும்?" என்பார்கள். நான் பக்கத்து ஊரைக் காட்டுவேன். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, நன்றாக இருக்கும் தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி அசைவைத் திருப்பித் தந்தார். நரம்பு கெட்டுப் பாதம் தொங்கிப்போனவர்களுக்கும் இப்படி ஒரு சிகிச்சை உண்டு. பாதத்தை உட்புறம் திருப்பும் தசையின் நாணை முன்பக்கம் கொண்டுவந்து பொருத்துவார்கள். அதன்பின் பாதத்தை உள்ளே திருப்ப நினைத்தால் அது மேலே தூக்கும். பழகப் பழக அந்த நினைப்பும் தேவைப்படாது. இடம் மாறிய தசையே புது வேலை கற்றுக்கொள்ளும்போது, சொந்த இடத்தில் இருக்கும் தொடைத் தசைக்குப் பழைய வேலையைத் திரும்பப் பழக்கலாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இடுப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய கால் பக்கம் இடுப்பு இறங்கினால், ஊன்றிய கால் பக்கத்துப் பிட்டத் தசை தளர்ந்திருக்கும். ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை நேராகத் தூக்கி இறக்குங்கள்.

முட்டி வீங்கிச் சுட்டாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே, டீ இடைவேளையில் ஒவ்வொரு காலாக நீட்டிப் பிடித்து இறக்கலாம்.