கட்டில் ஏன் கிறீச்சிடுகிறது?

சென்ற பங்குனி மாதத்தில், சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிநீர்க் குழாய் வேலையைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில், உள்ளேயிருந்து 'கிறீச், கிறீச்' என்னும் ஓசை வந்துகொண்டே இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து, சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியிருந்த அவருடைய தாயார் படுத்திருந்த கட்டிலின் ஓசை அது. பிள்ளைகளின் தூக்கம் கெடுமே என்று அஞ்சி, அந்த மூதாட்டியார் இரவு முழுவதும் புரளாமல் ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறார். அதன் பலனாக முதுகில் படுக்கைப்புண் தோன்றத் தொடங்கிவிட்டது. மரவள்ளிக் கிழங்கு விற்ற பணத்தில் இரும்புக் கட்டில் ஒன்று வாங்கிவிடத் தீர்மானித்திருப்பதாக அங்கத்தினர் கூறினார். பழைய கட்டிலோ அவருடைய பாட்டனார் செய்வித்த முதல்தரமான தேக்கு!

அக்கட்டிலைப் பார்த்தேன். மூலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் நான்கைந்து ஆணிகள். ஓசையை நிறுத்துவதற்கென்று செய்த இவ்விரண்டு வைத்தியங்களும் நோயை வளர்த்தனவேயன்றித் தீர்க்கவில்லை. ஏன் என்பதை அறிய, மரத்தின் சுபாவத்தைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

கட்டிலின் சட்டத்து முனையை நாக்குப்போலச் செதுக்கி, காலில் வெட்டிய துளையில் செருகுவது நம் தச்சர்களின் வழக்கம். மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுப் பருக்கும். வறண்ட காலத்தில் அதை இழந்து சுருங்கும். சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இராது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, வளையங்களின் போக்கில் நூற்றுக்கு 5 முதல் 6 பங்கு வரை குறுகும். நீளவாக்கிலோ ஆயிரத்துக்கு 1 அல்லது 2 பங்குதான். ஆகவே கோடையில் சட்டத்தின் நீளம் மாறுவதில்லை. துளைக்குள் இருக்கும் நாக்கு மட்டும் மெலிந்து ஆடுகிறது. மரத்தோடு மரம் உராய்வதே நாம் கேட்கும் ஓசை. மூட்டைப்பூச்சியை ஒழிக்கக் கட்டிலைச் சித்திரை வெயிலில் நாள் முழுவதும் போடுகிற வீடுகளில் இவ்வோசை மிகுதியாயிருப்பதன் காரணமும் இதுவே.

மண்வெட்டியின் காம்பு ஆடினால் அதைத் தண்ணீரில் ஊறப்போடுவது விவசாயிகள் அறிந்ததே. அன்றைக்கு இறுகிவிடும். ஆனால் இடமில்லாத துளைக்குள் பருக்கும் மரம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. மீண்டும் உலர்ந்தபின் முன்னிலும் மெலிந்துபோகிறது. கட்டிலின் மூலைக்கு ஈரத்துணி சுற்றுவதும் அதே கதைதான். எண்ணெய் சில நாள் ஓசையை அடக்கும். பிறகு அவ்விடத்தில் பசை ஒட்டாது. ஆணியோ தானும் தளர்ந்து ஓசையிடும், மரத்தையும் பிளந்துவிடும்.

முதலில் ஓசை பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். ஒருவர் கட்டிலை மெல்ல அசைக்க, மற்றொருவர் சட்டமும் காலும் கூடும் இடத்தில் விரல்களை வைத்துப் பார்க்கட்டும். ஓசை மரத்தின் வழியே பரவுவதால் காதை நம்புவதில் பயனில்லை. அசைவு விரலுக்குத் தெரியும். தரை மேடுபள்ளமாக இருந்து ஒரு கால் தூக்கி நிற்பதும் உண்டு. காலின்கீழ் ஓட்டுச் சில்லு வைத்த அளவில் அது தீர்ந்துபோகும். கட்டிலைப் பிரிக்கத் தேவையில்லை.

மூலைதான் காரணம் என்றால், ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைக் கழற்றுக. நாக்கிலும் துளையிலும் படிந்த எண்ணெயையும் பழம்பசையையும் புது மரம் தெரியுமட்டும் சுரண்டுக. நாக்கிலிருந்து மாவுபோல் தூள் உதிருமாயின் அது உளுத்துவிட்டது, அச்சட்டத்தை மாற்றவேண்டியதுதான். நல்ல மரமாயின், அதே இனத்து மரத்தில் மெல்லிய தகடு இழைத்து, நாக்கின் பக்கத்தில் பசையிட்டு ஒட்டி உலரவிடுக. பின் அரத்தால் சிறிது சிறிதாக ராவி, கொட்டாப்புளியால் இலேசாகத் தட்டினால் உள்ளே போகும் அளவுக்குக் கொண்டுவருக. ஓங்கி அடித்தால்தான் நுழையும் என்றால் இன்னும் பருமனாயிருக்கிறது, கால் பிளந்துவிடும். இனித் துளையிலும் நாக்கிலும் பசை தடவிச் செருகி, நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, வண்டிப் பாரத்துக்குச் செய்வதுபோல் குச்சியிட்டு முறுக்குக. மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரு குறுக்களவும் சமமாயிருப்பதைப் பார்த்துக்கொள்க. ஒரு பகலும் ஓர் இரவும் கட்டவிழ்க்கலாகாது. வச்சிரமும் நன்று, கடையில் விற்கும் வெள்ளைப் பசையும் நன்று. பலகை சட்டத்தில் உரசும் இடத்துக்குச் சாக்குத் துண்டோ, மெழுகுவர்த்தித் தேய்ப்போ போதும்.

இரும்புக் கட்டில் ஓசையிடாது என்பதும் தவறான அபிப்பிராயம். அதன் திருகாணிகள் தளரும்போது அதுவும் கத்தும். பழைய சைக்கிள் டியூபை வாசர்போல் வெட்டி இடையிலிட்டு முடுக்கினால் அடங்கிவிடும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் உள்ளூர்த் தச்சர் ஒருவரே இரண்டு நாளில் வேலையை முடித்தார். அவ்விரு நாளும் மூதாட்டியார் இரவல் வாங்கிய கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். இப்பொழுது இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை மருமகள் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள். அடுத்த அறையில் யாரும் விழிப்பதில்லை. புண்ணுக்குக் கிராம செவிலியர் மருந்திட்டு வருகிறார்.

இந்த வேலைக்குக் கோடையே ஏற்ற காலம். மரம் மிகவும் மெலிந்திருக்கும்போது இறுக்கிய மூலை மழைக்காலத்தில் மேலும் இறுகும். ஐப்பசி அடைமழையில் இறுக்கியது பங்குனியில் மீண்டும் ஆடும். பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளுக்கும் இதே விதிதான். கோடை விடுமுறை தொடங்கியவுடன் அங்கத்தினர்கள் தச்சரை அழைத்துச் சென்று அவற்றையும் ஒருமுறை அசைத்துப் பார்க்கச் சொல்லலாம்.