குளிர்ந்தது அண்ணம், வலித்தது நெற்றி

மைசூரில் சித்திரை வெயில். தேவராஜ மார்க்கெட்டில் ஒரு பெண் காலை முதல் பூ விற்றாள். கூடை காலியானது. தொண்டை வறண்டது. வெளியே வந்து கரும்புச்சாறு ஒரு தம்ளர் வாங்கினாள். நிறைய ஐஸ் போட்டிருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

சில நொடிகளில் நெற்றியில் ஆணி அடித்தது போல் ஒரு வலி! தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அருகில் எலுமிச்சை விற்கும் பாட்டி பதறினாள். "ஐயோ, மூளையில குளிர் ஏறிடுச்சு! ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வாடா" என்று பேரனை விரட்டினாள். மாத்திரை வருவதற்குள் வலி போய்விட்டது. காசு போனதுதான் மிச்சம்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. அவள் அம்மா பக்கவாதத்தில் படுத்தவள். "எனக்கும் அப்படி வருமோ?" என்று பயந்தாள். மறுநாள் தெருவுக்கு வந்த நர்ஸிடம் கேட்டாள்.

"பயப்படாதீங்க அக்கா. மூளைக்குள்ள குளிர் ஏறாது. வாயைத் திறங்க. நாக்கை மேலே தூங்க. தொடுதே, அதுதான் அண்ணம். ஐஸ் பட்டது அங்கேதான்" என்றார் நர்ஸ்.

அண்ணத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் உள்ளன. திடீரென்று குளிர் பட்டால் அவை சுருங்கும். பிறகு சட்டென்று விரியும். இது நரம்பை உசுப்பிவிடுகிறது. வலி பிறக்கிறது.

சரி, அண்ணம் குளிர்ந்தால் நெற்றி ஏன் வலிக்க வேண்டும்?

முகத்துக்கு ஒரு பெரிய நரம்பு இருக்கிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அதற்கு மூன்று கிளைகள். ஒன்று நெற்றிக்குப் போகிறது. ஒன்று கன்னத்துக்கும் அண்ணத்துக்கும் போகிறது. மற்றொன்று கீழ்த்தாடைக்கு. மூன்று வாசலிலும் கயிறு உண்டு, உள்ளே மணி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிறது. எந்த வாசல் என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. மூளையும் அப்படித்தான் ஏமாறுகிறது. மாரடைப்பு வரும்போது சிலருக்கு இடது கை வலிப்பதும் இதுபோலத்தான். அந்த வலியை மட்டும் சும்மா விடக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கனடா நாட்டில் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2002-ல் அதன் முடிவு வெளியானது. 73 பேர் ஐஸ்கிரீமை அவசரமாகத் தின்றார்கள். 20 பேருக்குத் தலை வலித்தது. 72 பேர் மெதுவாகத் தின்றார்கள். 9 பேருக்குத்தான் வலித்தது. இப்படியும் ஒரு சோதனை! பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் வந்திருப்பார்கள்.

இந்த வலிக்கு மாத்திரை வேண்டாம். மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். வலியோ ஓரிரு நிமிடத்தில் போய்விடும். நாக்கை அண்ணத்தில் அழுத்தி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாய் குடியுங்கள். அண்ணம் சூடாகும், வலி குறையும்.

வேறு விதமான தலைவலியும் உண்டு. கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. இவற்றோடு வரும் தலைவலிக்குக் காத்திருக்கக் கூடாது. பக்கவாதம் என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

"அப்ப ஐஸால ஆபத்தே இல்லையா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தலைவலியால ஆபத்து இல்லை. ஐஸ் செஞ்ச தண்ணியாலதான் ஆபத்து. குளிர்ல எல்லாக் கிருமியும் செத்துப்போறதில்லை அக்கா. ஐஸ் கரைஞ்சதும் அது வயித்துக்குள்ள போயிடும். மஞ்சள் காமாலை, பேதி எல்லாம் அப்படி வரும். மீன் பெட்டியில போடுற ஐஸை வாயிலயே வைக்கக்கூடாது" என்றார் நர்ஸ்.

மறுநாளும் வெயில். அவள் கரும்புச்சாறு கடைக்குப் போனாள்.

"தம்பி, இந்த ஐஸ் எந்தத் தண்ணியில செஞ்சது?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "வண்டியில வருது அக்கா. நான் என்னத்தைக் கண்டேன்?"

"அப்ப ஐஸ் போடாம ஒரு தம்ளர் குடு" என்றாள்.