பாகூர், வில்லியனூர்ப் பக்கம் விருந்தாளியோடு ஒரு நாள்

புதுச்சேரிக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது கடற்கரையைத்தான். காந்தி சிலை, மணக்குள விநாயகர், பிரெஞ்சுக்காரர் தெருக்கள் என்று அரை நாளில் முடிந்துவிடும். "அப்புறம் என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். "நம்ம பக்கம் வாங்க" என்பதுதான் எங்கள் வீட்டுப் பதில். பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல், லீவுக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு இந்தக் கிராமங்களைச் சுற்றுவது என் வேலையாகிவிட்டது. அப்படிச் சுற்றியதில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். நகரத்துக்கு வருகிறவர்கள் ஒரு நாளை இந்தப் பக்கத்துக்கு ஒதுக்கவேண்டும் என்பது என் ஆசை.

1. மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பி, வயல் பச்சை கட்டி, வெயிலும் தாங்கும்படி இருக்கும் காலம் அது. சித்திரை, வைகாசியில்தான் வரமுடியும் என்றால் காலை பத்து மணிக்குள் பாதி இடங்களை முடித்துவிட்டு, நாலு மணி வரை எங்காவது நிழலில் உட்காருங்கள். நடுப்பகலில் கோயில்களும் நடை சாத்தியிருக்கும்.

2. சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொள்ளுங்கள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் போதும். தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து, காய்ச்சி ஆறின பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி சேருங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். வாழையிலையைத் தணலில் ஒருமுறை வாட்டிவிட்டுக் கட்டினால் மடிப்பில் கிழியாது. வெயில் நாளில் தேங்காய்த் துவையல் வேண்டாம், ஊறுகாயே நல்லது.

3. விடியும்போது ஊசுட்டேரிக் கரையில் இருங்கள். புதுச்சேரி வட்டாரத்தின் 84 ஏரிகளில் இதுதான் பெரியது. ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியிலும் மறு பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதி 2008-இலும் தமிழ்நாட்டுப் பகுதி அதற்குச் சில வருஷம் கழித்தும் பறவைகள் சரணாலயமாயின. ஏழு மணிக்குள் போனால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான், நாமக்கோழி எல்லாம் கண்ணில் படும். எட்டரைக்கு மேல் போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். பிள்ளைகளுக்குப் பளீர்ச் சிவப்பு, வெள்ளைச் சட்டை போட்டுவிடாதீர்கள். மங்கிய நிறம் என்றால் பறவை கொஞ்சம் கிட்டே வரவிடும். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே இடத்தில் கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.

4. அங்கிருந்து வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில். அம்மன் பெயர் கோகிலாம்பாள். கோகிலம் என்றால் குயில். பழைய ஆட்கள் குயிலம்மை என்றும் சொல்வார்கள். கோயில் பெரியது, வெளிப்பிரகாரம் அகலம். அந்தக் கருங்கல் தளத்தில்தான் ஒருமுறை பதினொரு மணிக்கு என் மாமியாரை நடக்கவிட்டுவிட்டேன். "அத்தை, இன்னும் நாலு எட்டுதான்" என்று சொல்லிச் சொல்லியே கூட்டிப்போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். அன்றிலிருந்து பெரியவர்களோடு போகும்போது பழைய பருத்திக் காலுறை ஒரு ஜோடி, நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்று பையில் இல்லாமல் கிளம்புவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் சூடு உடனே உறைக்காது. அவர்கள் விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும்.

5. வைகாசியில் இந்தக் கோயிலுக்குத் தேர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைத்தார். ஆட்சி மாறிய பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை, துணைநிலை ஆளுநர் வருகிறார். தேர் பார்க்கக் குழந்தையோடு போகிறவர்கள் முக்குத் திருப்பத்தில் நிற்கக்கூடாது. வடம் திடீரென்று ஒரு பக்கம் இழுபடுவது அங்கேதான். நேர்த்தெருவில், ஏதாவது வீட்டுத் திண்ணையில் கேட்டு இடம் பிடித்துக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டார்கள். தேர் கிட்டே வரும்போது எல்லாரும் மேலே சாமியைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிஷம் கீழே சக்கரத்தைப் பாருங்கள். முட்டுக்கட்டை போடுகிற ஆள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து, கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, அது நசுங்கும் முன் கையை எடுப்பார். அவ்வளவு பெரிய தேர் அந்த ஒரு கட்டையின் பேச்சைக் கேட்டுத் திரும்பும்.

6. அதே ஊரில் லூர்து மாதா திருத்தலம். பிரான்சில் லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858-இல். இருபது வருஷத்துக்குள், 1877-இல், அந்தப் பெயரில் இங்கே கோயில் எழும்பிவிட்டது. முன்னால் குளம், இந்துக் கோயில் குளம் மாதிரியே படிக்கட்டோடு இருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு வருகிற திருவிழாவில் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். பூசை நடக்கும் நேரம் என்றால் பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள், செல்போனை அணைத்துவையுங்கள்.

7. மண்பாண்டம் வாங்காமல் வில்லியனூரை விட்டுப் போகாதீர்கள். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த அளவுக்கு இந்த மண்ணுக்குப் பேர். செய்கிற இடத்துக்கே போய்ப் பார்க்க முடிந்தால் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஒரு அம்மா மண்குதிரைக்குக் காது வைப்பதை அப்படித்தான் கிட்ட உட்கார்ந்து பார்த்தோம். சுண்டைக்காய் அளவு களிமண்ணை விரல் நுனியில் உருட்டினார், கட்டைவிரலால் ஒரு அழுத்து, தண்ணீர் தொட்டு ஒரு வழி. காது வந்துவிட்டது. எங்கள் பெண் தானும் ஒன்று செய்து பார்த்தாள், அது உதிர்ந்துபோயிற்று. "தண்ணி கூடிப்போச்சு கண்ணு" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து இன்னொன்று வைக்கச் சொல்லிக்கொடுத்தார் அந்த அம்மா.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்தது. மொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மிதித்து, குழைத்து, வனைந்து, காயவைத்து, சூளை வைத்து, அதில் உடைந்ததைக் கழித்து மிஞ்சியதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். கொண்டுபோகும்போது உள்ளே பழந்துணியை அடைத்து, வெளியே வைக்கோல் சுற்றி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் தலைக்கு மேலே இருக்கிற தட்டில் நான் வைத்த யானை, முதல் வேகத்தடையிலேயே தும்பிக்கையை இழந்தது.

8. கீழூர். இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மங்கலம் பக்கம் உள்ளடங்கிய ஒரு சிற்றூர், அதில் ஒரு நினைவுத்தூண். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேரவேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, சட்டப்படியான மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதனால்தான் இங்கே ஆகஸ்ட் 15-க்கு மறுநாளும் கொடியேற்றம். அந்த நாளில் வந்தால் அரசு விழாவையே பார்க்கலாம். மற்ற நாளில் பத்து நிமிஷம் போதும், ஆனால் போவதற்கு முன் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். பிரெஞ்சுத் தெருக்களில் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு, அந்த ஆட்சி போனது எப்படி என்பதும் தெரியவேண்டாமா? கத்தியின்றி, ஓட்டுப் போட்டு, ஒரு கிராமத்தில் முடிந்த விஷயம் அது. எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

9. திருக்காஞ்சியில் கெங்கவராக நதீஸ்வரர் கோயில் சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது. காசியைவிட இது வீசம் கூடுதல் என்பது ஊர் வழக்கு. தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் அதிகம். மாசி மகத்தன்று கூட்டம் தாங்காது, மற்ற நாளில் நிம்மதியாகப் படியில் உட்காரலாம். மழைக்காலத்தில் ஆற்றில் இறங்கவேண்டாம்.

10. இரண்டாம் நாள் கையில் இருந்தால் விழுப்புரம் சாலை. திருவாண்டார்கோயில் பஞ்சனதீஸ்வரர் கோயில் திருஞானசம்பந்தர் பாடிய தலம், தேவாரத்தில் திருவடுகூர் என்று வரும். செவ்வாய்க்கிழமை என்றால் மதகடிப்பட்டு வாரச்சந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுச்சந்தைக்குப் பேர்போனது அது, மாடு வாங்காவிட்டாலும் கயிறு, முறம், கருவாடு என்று ஏதாவது வாங்கலாம். கருவாட்டைத் தனிப்பையில் கட்டுங்கள்.

11. வில்லியனூரிலிருந்து பாகூருக்குப் போக நகரத்துக்குத் திரும்பவேண்டியதில்லை. கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், சேலியமேடு வழியாக உள்சாலை இருக்கிறது. மெதுவாகப் போங்கள், அறுவடை நாளில் நெல்லைச் சாலையிலேயே காயவைத்திருப்பார்கள். நெல்லின் மேல் வண்டியை ஏற்றாமல் ஒதுங்கிப் போவது பெரிய உதவி. கவிஞர் வாணிதாசன் 1915-இல் பிறந்தது வில்லியனூரில், வாழ்ந்தது சேலியமேட்டில். பாரதிதாசனிடம் பள்ளியில் படித்தவர். இயற்கையைப் பாடியதற்காகத் தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த் என்று அழைக்கப்பட்டவர். இந்த வரப்பையும் பனையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டே போனால் அவர் தம் பாட்டை எங்கிருந்து எடுத்தார் என்பது புரியும். வழியில் நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள் குறுக்கிடும், எல்லை இங்கே அப்படித்தான் பின்னிக் கிடக்கிறது. மதுப்பாட்டில் ஏதும் வண்டியில் இருக்கக்கூடாது. சோதனையில் மாட்டினால் ஒரு நாள் பயணமே வீணாகும்.

12. பாகூர் மூலநாதர் கோயிலுக்கு நாலரை மணிக்கு வாருங்கள். சாய்ந்த வெயில் கல்லின் மேல் பக்கவாட்டில் விழும் நேரம். கோயில் சோழர் காலத்துக் கற்றளி, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளோடு, இந்தப் பகுதியைக் கொஞ்ச காலம் பிடித்து ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டும் உண்டு. கல்வெட்டில் அவன் பெயர் கன்னரதேவன்.

உள்ளே போய் மூலநாதரையும் வேதாம்பிகையையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில் தேடுங்கள். பெரிய சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. குந்தி உட்கார்ந்தால் தெரியும். கையகலக் கட்டங்களில் ஆடும் பெண்கள். இவ்வளவு சிறிய உருவத்தில் இடுப்பின் ஒசிவு தெரிகிறது, தூக்கிய காலின் வளைவு தெரிகிறது. ஆயிரம் வருஷத்து மழையில் முகம் மழுங்கியிருக்கிறது, ஆட்டம் மழுங்கவில்லை. பரதநாட்டியம் கற்கும் என் நாத்தனார் மகள் ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த நிலையிலேயே நின்று காட்டிக்கொண்டு வந்தாள். பார்க்கலாம், தொடக்கூடாது. விபூதி, குங்குமம் தடவாதீர்கள். எண்ணெய்க் கையைச் சுவரில் வைக்காதீர்கள். பிள்ளைகளிடம் இதை வாசலிலேயே சொல்லிவிடவேண்டும்.

இந்த ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, பாகூரின் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. படிப்புக்கு என்று ஊரையே எழுதிவைத்த இடம். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதைச் சொல்லியே கூட்டிவாருங்கள்.

13. கோயிலை விட்டு வந்ததும் பாகூர் ஏரிக்கரை. ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூருக்குப் பேர் வந்தது இந்தத் தண்ணீரால்தான். கரையில் பிளாஸ்டிக் போடாதீர்கள், அது நேராக மதகில் போய் அடைத்துக்கொள்ளும்.

14. கடல் பார்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு மணப்பட்டு, பனித்திட்டுப் பக்கம் கூட்டமில்லாத கரை உண்டு. கால் நனைக்கலாம், குளிக்கவேண்டாம். அலை உள்ளே இழுக்கும், காப்பாற்ற ஆளும் இருக்காது. மீனவர்கள் வலை உலர்த்தியிருந்தால் சுற்றிப் போங்கள், மேலே மிதிக்காதீர்கள்.

15. பஸ்ஸில் வந்தவர்கள் பாகூரில் இறங்கியவுடனே திரும்பும் பஸ் நேரத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டினால் உள்சாலையில் பஸ் குறைந்துவிடும்.

16. வீட்டுக்கு வந்ததும் வாங்கின மண்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மறுநாள் துடைத்து நிழலில் உலர்த்தி, உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி, அரிசி களைந்த தண்ணீரை முக்கால் சட்டி ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். தானாக ஆறட்டும். இப்படி இரண்டு மூன்று நாள் செய்தால் மண்வாடை போய்ச் சட்டி பழகிவிடும். அதன் பிறகு முதல் குழம்பு மீன்குழம்பாகவே இருக்கட்டும். சோப்புத்தூள் போட்டுத் தேய்க்காதீர்கள், மண் அதைக் குடித்துவிடும். தேங்காய் நாரும் சாம்பலும் போதும்.