வீடும் ஒரு சரக்கே: விற்பனைக்கு வீட்டைத் தயார் செய்தல்



காலையில் கடை திறந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறோம். பருப்பு மூட்டையின் வாயை மடித்து, சரக்கு கண்ணில் படும்படி வைக்கிறோம். தராசைத் துடைக்கிறோம். ஐம்பது ரூபாய்க்குச் சாமான் வாங்க வருகிறவருக்காக இவ்வளவும் செய்கிற நாம், பல லட்சம் பெறுமானமுள்ள வீட்டை விற்கும்போது என்ன செய்கிறோம்? தரகரிடம் சாவியைக் கொடுத்து, "கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து விடுகிறோம்.

நம்மைப் போன்றவர்கள் வீட்டை விற்பது பெரும்பாலும் ஒரு நெருக்கடியில்தான். மகள் திருமணம், பாகப் பிரிவினை, கடைக்கு வாங்கிய கடன் என்று ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். வீடு விலை போகாமல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது. "பல பேர் பார்த்துவிட்டு வேண்டாமென்று போன வீடு" என்ற பேச்சு தெருவில் பரவிவிட்டால், அடுத்து வருகிறவர் விலையைக் குறைத்தே கேட்பார். தேங்கிய சரக்குக்கு என்ன கதி என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆகவே, வாங்க வருகிறவர் கண்ணில் வீட்டை எப்படிக் காட்டுவது என்பதை இக்கட்டுரையில் முறையாகப் பார்ப்போம்.

நான் கற்ற பாடம்

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தகப்பனார் கட்டிய வீட்டை விற்க முடிவு செய்தேன். மாடி அறையின் மேற்குச் சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. பெயிண்ட் அடிக்க வந்தவர், "பட்டி பார்த்து இரண்டு கை அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது" என்றார். கோடைக் காலம். சுவர் காய்ந்திருந்தது. அப்படியே செய்தேன். போதாதென்று, அதை மறைத்து ஒரு பீரோவையும் நிறுத்தினேன்.

வாங்க வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். நம் கடை வாடிக்கையாளர். வீடு பிடித்துப் போய் முன்பணமும் கொடுத்தார். பத்திரம் பதிவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, அலமாரி செய்ய அளவெடுக்கத் தச்சரோடு வந்தவர், பீரோவை நகர்த்தச் சொன்னார். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாய் எழும்பி நின்றது.

அவர் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, பழைய வீடு என்றால் ஓதம் இருக்கத்தான் செய்யும். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே சரி செய்துகொண்டிருப்பேன். இத்தனை வருஷம் உங்கள் கடையில் எடை பார்க்காமல் சாமான் வாங்கினேனே!" என்றார்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை. வீட்டை அடுத்த ஆண்டு குறைந்த விலைக்கு விற்றேன். அந்த ஓதத்துக்குக் காரணம், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தட்டோடுகளுக்கு இடையே விட்டிருந்த விரிசல். இரண்டு கொத்தனார் ஒரு நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை!

இதில் சட்டமும் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். குறை கட்டடத்தில் இருந்தாலும் சரி, உரிமையில் இருந்தாலும் சரி. வீட்டைத் துப்புரவாக்கிக் காட்டுவது வியாபாரம். குறையை மூடிக் காட்டுவது மோசடி. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே படியுங்கள்.

1. சரக்கை வெளியேற்றுங்கள்

மளிகைக்காரர் வீடு என்றால் பாதி கிட்டங்கிதான். முன் அறையில் வற்றல் மூட்டை, மாடிப்படிக்குக் கீழே எண்ணெய் டின், பரணில் புளிச் சிப்பம். நமக்கு அந்த வாசனை பழகிவிட்டது. வருகிறவருக்குப் பழகவில்லை. மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் போட்டவர் வீட்டை மேலும் சுற்றிப் பார்க்க விரும்பமாட்டார். மேலும், மூட்டை அடுக்கிய அறை உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும்.

வீட்டைக் காட்டத் தொடங்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே சரக்கு முழுவதையும் கடைக்கோ வேறு இடத்துக்கோ மாற்றுங்கள். மூட்டை இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, கதவு ஜன்னல்களைத் திறந்து காற்றாட விடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வண்டையும் எலியையும் ஒழிக்க, தானியக் கிட்டங்கியில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. ஈரக் காற்றுப் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சுவாயு கிளம்பும். மூடிய அறையில் வைத்தாலும் கதவு இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்குப் பரவித் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். எலிக்குப் பொறியும், வண்டுக்கு நல்ல துப்புரவும் போதும். மீறித் தேவைப்பட்டால் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை அழையுங்கள்.

இன்னொன்று: அந்த வீட்டு முகவரியை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வியாபார இடமாகக் காட்டியிருந்தால், சரக்கை மாற்றியதும் அதை நீக்கிவிடுங்கள்.

2. பழுதை மறைக்காதீர்கள், நீக்குங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வாங்க வந்தவர் போல வாசலிலிருந்து மொட்டை மாடி வரை நடந்து பாருங்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு குறையையும் எழுதுங்கள். சொட்டுகிற குழாய், கிரீச்சிடும் கீல், விழாத தாழ்ப்பாள், உடைந்த சுவிட்ச், எரியாத விளக்கு, கிழிந்த கொசு வலை. இவை ஒவ்வொன்றும் சிறு செலவுதான். ஆனால் பத்துச் சிறு குறைகளைப் பார்த்தவர், "கண்ணுக்குத் தெரிந்தே இவ்வளவு என்றால் தெரியாமல் எவ்வளவோ" என்று நினைத்து, அந்தச் செலவைப் போலப் பல மடங்கை விலையில் கழிப்பார்.

ஓதம் இருந்தால் தண்ணீர் வரும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். மாடித் தளமா, குளியலறை இணைப்பா, உடைந்த மழைநீர்க் குழாயா என்று பார்த்து அடைத்த பின், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பூச்சும் பெயிண்ட்டும். மொட்டை மாடித் தண்ணீர் வடியும் துளையில் இலைதழை அடைத்திருந்தால் நீக்குங்கள். இவ்வேலைகளை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஆடியிலும் மார்கழியிலும் புது வீடு பேச நம் மக்கள் பலர் தயங்குவார்கள். அந்த மாதங்களைப் பழுது பார்க்கப் பயன்படுத்திக்கொண்டால், ஆவணியிலும் தையிலும் வீடு தயாராக நிற்கும்.

பெரிய செலவு வேண்டாம். புதுச் சமையலறை, புதுத் தரை என்று பணத்தைக் கொட்டினால், வாங்குபவர் தம் விருப்பப்படி அதை இடித்து மாற்றுவார். நாம் போட்ட பணம் திரும்பாது.

3. தண்ணீரும் வெளிச்சமும்

நம் ஊர்களில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். தரைத் தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவி வையுங்கள். மோட்டாரைப் போட்டுக் காட்டத் தயாராக இருங்கள். ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நிற்கிறதா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆகும். பல வீடுகளில் அந்தக் குழி மண் மூடிக் கிடக்கிறது. தூர் வாரிச் சரளைக் கல்லை மாற்றிவிட்டால் அதையும் ஒரு நல்ல அம்சமாகக் காட்டலாம்.

சுவர்களுக்கு வெளிர் நிறமே போதும். கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டர்களையெல்லாம் கழற்றி ஆணித் துளைகளை அடையுங்கள். பயன்படாத பழைய தராசு, உடைந்த நாற்காலி, காலி டின் எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போடுங்கள். கழிப்பறை, சமையலறை இரண்டும் பளிச்சென்று இருந்தால் வீட்டுப் பெண்கள் மனத்தில் பாதி விலை முடிந்தது எனலாம்.

4. காகிதக் கட்டும் வீட்டின் ஒரு பகுதியே

வீடு பிடித்தவுடன் அடுத்த கேள்வி, "பத்திரம் எப்படி?" என்பது. அப்போது பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தால் சந்தேகம் வரும். கீழ்க்கண்டவற்றின் நகல்களை ஒரே கோப்பில் அடுக்கி வையுங்கள்:

தாய்ப்பத்திரமும் தற்போதைய பத்திரமும். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று. உங்கள் பெயரில் பட்டா. கட்டட அனுமதியும் வரைபடமும். சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீதுகள். வங்கிக் கடன் தீர்ந்திருந்தால் அதற்கான ரசீதுப் பத்திரம்.

வீடு இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருக்கிறதா? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுய சம்பாத்தியச் சொத்தில் மகன்களைப் போலவே மகள்களுக்கும் பங்கு உண்டு. திருமணமாகிப் போன அக்காள் தங்கையிடம் பேசிச் சம்மதம் பெற்ற பிறகே வீட்டை ஆட்களுக்குக் காட்டத் தொடங்குங்கள். பேச்சு முடிந்த பிறகு குடும்பத்துக்குள் தகராறு வந்தால் வீடும் விற்காது, உறவும் முறியும்.

அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். வழக்கறிஞர் பார்க்க வேண்டுமென்றால் நம் முன்னிலையில் பார்க்கட்டும்.

5. பார்க்க வருகிற நாளில்

நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். காலை பத்து மணி அளவிலோ மாலை நான்கு மணி அளவிலோ வெளிச்சம் நன்றாக இருக்கும். ராகுகாலம் பார்க்கிறவராக இருந்தால் அவர் சொல்லும் நேரத்துக்கு விட்டுக்கொடுங்கள். ஜன்னல்களைத் திறந்து, எல்லா அறையிலும் விளக்கைப் போடுங்கள். கருவாடு வறுவலை அன்றைக்குத் தள்ளி வையுங்கள்.

வருகிறவர்கள் நமக்கு முன்பின் தெரியாதவர்கள் என்பதை மறக்கலாகாது. அன்றைய விற்பனைப் பணம், நகை, கணக்கேடு எதுவும் வீட்டில் வெளியே இருக்க வேண்டாம். பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, வீட்டில் இருவராவது இருக்கும்போது காட்டுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் தரகரையும் உள்ளே விட வேண்டியதில்லை.

கூடவே நடந்து ஒவ்வொன்றையும் புகழ வேண்டாம். ஒரு முறை சுற்றிக் காட்டிவிட்டு, அவர்கள் குடும்பமாகத் தனியே பேசிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் விடுங்கள். கடையில் வாடிக்கையாளர் சரக்கைக் கையில் அள்ளிப் பார்க்கும்போது நாம் குறுக்கே பேசுவதில்லை அல்லவா?

பிடித்துப் போய் அங்கேயே முன்பணத்தை ரொக்கமாக நீட்டுவார்கள். அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்திருக்கிறது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ பெற்று, எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.

செய்து பார்க்க

வீட்டை விற்கும் எண்ணமுள்ள உறுப்பினர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதல் பட்டியலில், பணம் செலவழித்து நீக்கக்கூடிய குறைகள். இரண்டாவதில், நீக்க முடியாத குறைகள்: குறுகலான சந்து, மழையில் தண்ணீர் தேங்கும் தெரு, பக்கத்து வீட்டாரோடு பொதுச் சுவர் தகராறு. முதல் பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். இரண்டாம் பட்டியலை, வாங்க வருகிறவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். அதற்கேற்ற விலையையும் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

வீட்டை ஒரு முறைதான் விற்கிறோம். கடையை நாளைக் காலையிலும் திறக்க வேண்டும். வீடு வாங்கியவர் அந்த ஊரிலேயே குடியிருந்து, நம் கடைக்கே வந்து சாமான் வாங்கும்படி அந்த விற்பனை அமைய வேண்டும்.