கணக்கில் கூடுதலாக வந்த பணம் யாருடையது?



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "நாம திருடல, ஏமாத்தல. பேங்க்காரங்களே தப்பா கூடப் போட்டுட்டாங்க. அதைச் சொல்லாம இருந்தா அது பாவமா?" கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் பேருந்து நேரம் வந்துவிட்டது. அதனால் இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நமக்கே நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கட்டு நோட்டு

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குழு பிரதிநிதிகள் இருவர் 70,000 ரூபாய்க்குக் காசோலை எழுதிக்கொண்டு வங்கிக்குப் போனோம். 500 ரூபாய் நோட்டில் ஒரு கட்டு, 100 ரூபாய் நோட்டில் இரண்டு கட்டு வேண்டும் என்று கேட்டோம். அன்றைக்கு முதியோர் உதவித்தொகை வாங்க வந்தவர்கள் கூட்டம் வேறு. கவுண்டரில் கொடுத்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டோம். கவுண்டரை விட்டு நகரும் முன் எண்ண வேண்டும் என்று பயிற்சியில் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் செய்யாதது நம்முடைய தவறு.

மாலையில் குழுக் கூட்டத்தில் பணத்தை எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது. 100 ரூபாய்க் கட்டு இரண்டுக்குப் பதிலாக 200 ரூபாய்க் கட்டு இரண்டு இருந்தது. கையில் இருந்தது 90,000. அதாவது 20,000 ரூபாய் கூடுதல்.

எங்கள் குழுவில் 14 பேர். பிரித்தால் ஆளுக்கு 1,400 ரூபாய் சொச்சம் வரும். அந்த வாரம் ஒரு உறுப்பினரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். அவர் ஒன்றும் பேசவில்லை, அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பேசினார்கள்.

"கடனுக்கு எத்தனை தடவை நடக்க விட்டாங்க! ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சே, அதைத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"மெசேஜுக்குக் காசு, இருப்பு குறைஞ்சா காசுன்னு நம்மகிட்ட பிடிக்கிறாங்க. அவங்களுக்கு இது கடுகு."

"நாமளா கேட்டோம்? சாமி குடுத்ததுன்னு நினைச்சுக்குவோம்."

இதையெல்லாம் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. வங்கி வாசலில் நின்று நின்று கால் வலித்தவர்கள் பேசிய பேச்சு அது. அதனால் ஒவ்வொன்றுக்கும் நியாயமாகப் பதில் தேட வேண்டும்.

எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

அன்று பதில் எங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் வந்தது. கணக்கு எழுதும் சகோதரி ரொக்கப் பதிவேட்டைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்திருந்தார். "அக்கா, 70,000 வங்கியிலிருந்து எடுத்ததுன்னு எழுதிட்டேன். இந்த 20,000-ஐ எங்க எழுதறது? சந்தாவா, வட்டியா, சுழல்நிதியா, நன்கொடையா?"

யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போது மூத்த அக்கா ஒருவர் சொன்னார்: "எழுத முடியாத பணம் நம்ம பணம் இல்லடி. தீர்மானப் புத்தகத்துல 'வங்கி தவறுதலாகக் கொடுத்த பணத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது'ன்னு எழுதி, 14 பேரும் கையெழுத்துப் போடுவோமா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு யாரும் "போடுவோம்" என்று சொல்லவில்லை.

சகோதரிகளே, இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை. ஒரு காரியம் சரியா தவறா என்று சந்தேகம் வந்தால், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட முடியுமா என்று பாருங்கள். நியாயமான காரியத்தை எழுதத் தயங்க மாட்டோம். மறைக்க வேண்டும் என்று தோன்றும்போதே மனசுக்குப் பதில் தெரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

அது யார் பணம்?

"வங்கிப் பணம்" என்று சொல்கிறோம். கவுண்டரில் ரொக்கம் குறைந்தால் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் காசாளர்தான் தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். நம்மை நடக்க விட்டது ஒருவர். நாம் வாய் மூடி இருந்தால் தண்டம் கட்டுவது வேறொருவர். வங்கி மேல் இருக்கும் கோபத்தை அப்படித் தீர்த்துக்கொள்ள முடியாது. வங்கி நமக்குச் செய்த குறைக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். அது நம் உரிமை. அந்த உரிமையைத் தலை நிமிர்ந்து கேட்க வேண்டுமானால் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

கணக்கில் தவறாக வந்து விழும் பணத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். திருப்பூரில் நடந்ததைப் பாருங்கள். 2012-ல் ஒருவருடைய வங்கிக் கணக்கில் 40 லட்சம் ரூபாய் வந்து விழுந்தது. அது எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி. பொதுப்பணித் துறையின் கணக்குக்குப் போக வேண்டியது, கணக்கு எண் தவறியதால் அவருக்குப் போய்விட்டது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. அவர் சொத்து வாங்கினார், மகள் கல்யாணத்தை நடத்தினார். பிறகு தவறு தெரிந்து வங்கி திருப்பிக் கேட்டபோது கொடுக்க முடியவில்லை. வழக்கு நடந்தது. 2019 செப்டம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருக்கும் அவர் மனைவிக்கும் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அது ஏதோ ஒரு ஊருக்குப் பள்ளிக் கட்டிடமாகவோ வேறு பொது வேலையாகவோ ஆகியிருக்க வேண்டிய பணம். இரண்டு, தண்டனை மனைவிக்கும் சேர்த்துத்தான். "வீட்டுக்காரர் பார்த்துக்குவார், எனக்கென்ன" என்று இருக்க முடியாது.

மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் மாவட்டத்தில் 2021-ல் ஒரு விவசாயியின் ஜன்தன் கணக்கில் 15 லட்சம் வந்தது. அரசாங்கம் கொடுத்தது என்று நம்பி, 9 லட்சத்தை எடுத்து வீடு கட்டினார். சில மாதம் கழித்துத்தான் அது ஒரு கிராம ஊராட்சிக்கு வர வேண்டிய வளர்ச்சி நிதி என்று தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை, நம்பிவிட்டார். ஆனாலும் கடன் தலைமேல் ஏறிவிட்டது. ஒரு நாள் வங்கிக்குப் போய் "இது எதுக்கு வந்த பணம்?" என்று கேட்டிருந்தால் அந்தக் கஷ்டம் வந்திருக்காது.

நம்மைப் போன்றவர்களுக்கே நடந்ததும் உண்டு. ஆதார் எண்ணைத் தவறான கணக்கோடு இணைத்ததால், ஒருத்தியின் நூறு நாள் வேலைக் கூலி இன்னொருத்தி கணக்கில் போய் விழுந்தது பல ஊர்களில் நடந்திருக்கிறது. வேலை செய்தவள் அலுவலகம் அலுவலகமாக அலைவாள். பணம் வந்தவள் "எனக்கென்ன தெரியும்" என்று இருப்பாள். அலைந்தவள் நாமாக இருந்தால் அந்த இன்னொருத்தியிடம் என்ன எதிர்பார்ப்போம்?

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இருவர் சேர்ந்து ஒருவரிடம் 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் முழுவதையும் கட்டிவிட்டார். அது தெரியாமல் மற்றவரும் 100 ரூபாய் கட்டிவிட்டார். வாங்கியவர் இரண்டாவது 100-ஐத் திருப்பித் தர வேண்டும். நம் குழுவில் தவணை இரண்டு முறை வரவானால் நாம் செய்வதும் இதுதானே!

தெரியாமல் பணம் வந்தது குற்றம் ஆகாது. நம்முடையது இல்லை என்று தெரிந்த பிறகும் நேர்மையில்லாமல் எடுத்துச் செலவழிப்பது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 403-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 314-வது பிரிவு. 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்.

ஆனால் போலீசுக்குப் பயந்து மட்டும் திருப்பிக் கொடுப்பது பாதி நேர்மைதான். எங்கள் 20,000 ரூபாயை யாரும் கண்டுபிடிக்காமலே போயிருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில்தான் மனுஷியின் குணம் தெரியும். திருக்குறளில் பிறர் பொருளுக்கு ஆசைப்படாதிருக்க வெஃகாமை என்று ஓர் அதிகாரமும், திருடாதிருக்கக் கள்ளாமை என்று இன்னோர் அதிகாரமும் தனித்தனியாக உண்டு. நாம் கை நீட்டித் திருடவில்லை என்பது சரி. மனசு நீளவில்லை என்று சொல்ல முடியுமா?

என்ன செய்ய வேண்டும்?

1. கவுண்டரிலேயே நோட்டை எண்ணுங்கள். கட்டின் மேல் இருக்கும் சீட்டையும் பாருங்கள். குறைந்தாலும் கூடினாலும் அங்கேயே சொல்லுங்கள்.

2. மாதம் ஒரு முறையாவது பாஸ்புத்தகத்தில் வரவு செலவு பதிந்து, குழுப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள்.

3. தெரியாத வரவு இருந்தால் அதைத் தொடாதீர்கள். கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் நமக்குச் சாட்சி.

4. "தெரியாம உங்க நம்பருக்குப் பணம் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று போன் வந்தால் உடனே அனுப்பிவிடாதீர்கள். இப்படிச் சொல்லி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். பொய்யான மெசேஜாக இருக்கலாம், வேறு யாரிடமோ திருடிய பணமாகவும் இருக்கலாம். லிங்க்கைத் தொடாதீர்கள், ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். "உங்க பேங்க்ல எழுதிக் குடுங்க, எங்க பேங்க் வழியா வரட்டும்" என்று சொல்லுங்கள். நேர்மையாக இருப்பதற்காக ஏமாற வேண்டியதில்லை.

5. பணத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டால் ஒளிய வேண்டாம். குழுவில் சொல்லுங்கள். வங்கியில் தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள். மறைக்க மறைக்கத்தான் சிக்கல் பெரிதாகும்.

பிறகு என்ன நடந்தது?

மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டு பேர் போய் 20,000 ரூபாயைக் கொடுத்தோம். காசாளர் வாங்கி எண்ணினார், "ரொம்ப நன்றிம்மா" என்றார். முகத்தைப் பார்த்தால் இரவு தூங்கியதாகத் தெரியவில்லை. அவ்வளவுதான். யாரும் மாலை போடவில்லை. அடுத்த கடனும் ஒரு நாள்கூட முன்னால் வரவில்லை, வழக்கம் போல நடந்துதான் வாங்கினோம். ஒரு நாள் கூலியும் ஆட்டோ காசும் போனது.

ஆனால் ஒன்று நடந்தது. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய சகோதரிக்குக் குழு சேமிப்பிலிருந்து அன்றைக்கே உள்கடன் கொடுத்தோம். வட்டி, தவணை எல்லாம் எழுதி, 14 பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பெண் படித்து முடித்துவிட்டாள், கடனும் பைசா பாக்கியில்லாமல் அடைந்தது. அது எந்தப் பதிவேட்டிலும் எழுத முடிந்த பணம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பின் பெயரைக் கொண்ட நம் திருவெறும்பூரில் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாரம் பத்தும் இருபதுமாகச் சேர்த்தே குழுவை வளர்த்தோம். நம்பிக்கையும் அப்படித்தான் சேரும். சின்னச் சின்ன மறைப்பு ஊர்ந்தால் அது தேய்வதும் அப்படித்தான்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

- கடைக்காரர் 10 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் சொல்கிறோமா? 10-க்கும் 10,000-க்கும் வேறுபாடு உண்டா?
- நம் குழுக் கணக்கில் ஒருவருக்குத் தவறாகக் கூடுதல் வரவு எழுதிவிட்டால், அவர் சொல்வார் என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறதா?
- தவறைத் தானாக முன்வந்து சொல்பவரை நாம் பாராட்டுகிறோமா, "பிழைக்கத் தெரியாதவள்" என்கிறோமா?

மூன்றாவது கேள்வியை அவசரப்படாமல் பேசுங்கள். பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.